பெட்டி வாடகை

ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு சந்தில்
மூன்று குளிர்பெட்டி வைத்திருக்கிறேன்.
நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு,
வண்டி தனி.
ஒன்றில் கண்ணாடி கீறல், அதற்கு இருநூறு குறைப்பேன்.

போன் வந்தால் கேட்பது இரண்டே கேள்வி:
எத்தனாவது மாடி,
வெளிநாட்டிலிருந்து யார் வரவேண்டும்.

டல்லாஸ் என்றால் இரண்டு நாள்.
விசா சிக்கல் என்றால் பெட்டி அங்கேயே கிடக்கும்,
மோட்டார் சத்தத்துக்கு மேல் பேச
வீடே பழகியிருக்கும்.

வசுமதி மேடத்தை அப்படி ஒரு வீட்டில்தான் பார்த்தேன்.
மந்தைவெளி, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
பெட்டியில் அவர் தங்கை வீட்டுக்காரர்.
எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள்,
அவர் குனிந்து டிகிரியைப் பார்த்தார்.
"மைனஸ் மூணுதானா?"
குழம்பில் உப்பு குறைந்ததுபோல.

வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் முப்பத்தொரு வருடம்.
செத்து இருபது வருடமான காளைக்குப்
பிறந்த கன்றை ஈரத்தோடு துடைத்த கை.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு என்பார்
வீட்டு நம்பர் சொல்வதுபோல.

"என்னை எரிக்காதீங்க, எடுத்து வைங்க"
என்று நோட்டீஸ் அடித்திருந்தார்,
குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கொடுக்க.
என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்.
எதற்குச் சாட்சி என்று சொல்லவில்லை.

முதல் கேள்வி: கரண்ட் போனா?
நைட்ரஜனுக்கு கரண்ட் வேணாம், அப்பப்போ ஊத்தினா போதும்.
தண்ணி லாரியே ஒழுங்கா வரமாட்டேங்குது, என்றது ஒரு குரல்.
சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.
செயலாளர் புகழேந்திக்குப்
பதினாறாம் நாள் எப்போது வைப்பது என்று கவலை.
ஃப்ளாட் யார் பேரில் என்று இன்னொருவருக்கு.
கதவோரம் நின்ற சம்மனசு மேரி,
கீழே இஸ்திரி வண்டி போடுபவர், கேட்டார்:
"முழிச்சு எழுந்தா, உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட
யாரும்மா இருப்பா?"

நோட்டீஸில் அதற்குப் பதில் இல்லை.
தண்ணீர் குடித்தார்.
"இதுவரை ஒருத்தரும் எழுந்து வரலை.
வருவாங்கன்னு நான் சத்தியம் பண்ணவும் இல்லை.
இந்த பில்டிங்ல பெட்டி வைக்காத வீடு எது?
மகன் வர்ற வரைக்கும் வச்சோம்.
மருந்து வர்ற வரைக்கும் வைங்கன்னு கேக்கறேன்.
மகன் ஃப்ளைட்ல இருந்தான்,
என் டாக்டர் இன்னும் பிறக்கலை.
அவ்வளவுதான் வித்தியாசம்."

"அவ்வளவுதானா?" என்றார் புகழேந்தி.

மேடம் என்னைப் பார்த்தார்.
எனக்குப் பேச வராது.
என் மகள் யாழிசை, என்றேன்,
சேத்துப்பட்டு ஆஸ்பத்திரியில்
மூன்று வருடம் குளிரில் இருந்தாள்,
நான் பணம் சேர்க்கும்வரை.
கண்ணுக்குத் தெரியாத அளவு.
இப்போது இரண்டாம் வகுப்பு. குச்சி ஐஸ் தின்றால் சளி.
என் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.
அன்றைக்குப் படியில் பெட்டி இறக்கும்போது
மூச்சு வாங்க மேடத்திடம் உளறியிருக்கிறேன்.

கரு வேற, கிழவி வேற, என்றார் ஒருவர்.
வேறுதான்.
யாரும் கையெழுத்துப் போடவில்லை.
சம்மனசு மேரி மட்டும் நோட்டீஸை
சட்டை மடிப்பதுபோல ஓரம் பிடித்து மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டார்.

எங்கள் பக்கம் அந்தக் காலத்தில்
அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்து இறங்கியதாம்.
பாதி உருகியிருக்கும்.
மீதியைத் தொட்டுப் பார்த்தவன்
வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்?

இரவு, நூறு வருட வாடகையைக் கணக்குப் போட்டேன்.
ஒன்பது கோடியே பன்னிரண்டரை லட்சம்.
கீறல் பெட்டியென்றால் கொஞ்சம் குறையும்.

போன் அடித்தது.
ராயப்பேட்டை, தரைத்தளம்.
யார் வரவேண்டும் என்றேன்.
யாரும் இல்லை, எல்லோரும் இங்கேதான்,
இருந்தாலும் ஒரு நாள் இருக்கட்டும், என்றது ஒரு பெண்குரல்.

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
சாவியைத் தேடினேன்.